ஹன்னிபால் எழுந்திருக்கவில்லை

2015 ஜூன் ஆறாம் தேதி, ஸ்ஃபாக்ஸ் நகரத்தின் கிரெம்தா சாலையில், ஒரு பலகாரக் கடையின் மாடியில், படித்தவர்கள் இருபத்து மூன்று பேர் கூடி ஒரு சர்வருக்குக் கேக் வெட்டினார்கள். சர்வரின் பெயர் ஹன்னிபால். ஒருமுறைகூட அணைக்கப்படாமல் அது ஓடத் தொடங்கி அன்றோடு ஆயிரம் நாள். கேக்கின் மேல் பாதாம் பருப்பால் ஆயிரம் என்று எழுதியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ எதையோ சாதித்ததற்கான கைதட்டல் என்று நினைத்துவிட வேண்டாம். கிட்டத்தட்ட மூன்று வருடமாக ஒருவரும் அதைத் தொடவில்லை, அதற்காகத்தான்.

ரவ்தா கம்மூன் மட்டும் கைதட்டவில்லை. நாற்பத்தேழு வயது, குட்டையான உருவம், மொபெட் ஓட்டி ஓட்டிக் கருத்த முன்கைகள். தட்டிலிருந்த கேக்கை விட்டுவிட்டு, மூலையில் மினுங்கிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இத இப்ப ஒரு தடவ அணைச்சுப் போட்டா, எழுந்துக்குமா?" என்று கேட்டாள்.

அந்தக் கணினிச் சங்கத்தின் தலைவர் முந்தர் எல்லூஸ் கத்தியை நீட்டிக்கொண்டே சிரித்தார். "என்ன மதாம், பொறந்த நாளும் அதுவுமா சாவு வீட்டுப் பேச்சு பேசுறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதில் ஒருவருக்கும் தெரியாது என்பது ரவ்தாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவளுடைய அப்பா மீன்துறைமுகத்தில் குளிர்பதனக் கருவி பழுது பார்த்தவர். அவர் நேரத்துக்குப் போய்ச் சேராத நாட்களில் அவர் சட்டையில் என்ன வாசனை வரும் என்பதை அறிந்து வளர்ந்தவள் அவள். கணிதம் படித்தாள். இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தாள். பிறகு நகரத்து ஓரத்தில் இருந்த இரத்தச் சேமிப்பகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தாள். அங்கே முதல் கணினி வந்து இறங்கியபோது, பெட்டியைப் பிரிக்கப் பயப்படாத ஒரே ஆள் அவள். அதனால் கணினி அவள் தலையில் விழுந்தது. சம்பளம் தட்டச்சர் சம்பளமாகவே இருந்தது.

2006இல் அவள் ஒரு நிரல் எழுதினாள். பெயர் பர்ராத். நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தக் குளிர்பெட்டிகளிடம் வெப்பநிலை கேட்கும். ஆறு டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்கும், பொறுப்பாளர்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். அவ்வளவுதான். வேறு பதினோரு சேமிப்பகங்கள் அதை எடுத்துக்கொண்டன. நன்றிக் கடிதம் எங்கிருந்தும் வரவில்லை. பழுதானால் மட்டும் எல்லா இடத்திலிருந்தும் போன் வந்தது.

பர்ராத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று குளிர்பெட்டிகளின் உணர்கருவிகளைப் படிப்பது. மற்றது மணி அடிப்பது. மின்சாரம் போய்க் கணினி மறுபடி தொடங்கும்போது, முதலாவது கண் விழிப்பதற்குள் இரண்டாவது விழித்துவிட்டால், உணர்கருவி எதையும் காணாமல் சத்தமில்லாமல் செத்துவிடும். செத்ததைச் சொல்ல யாரும் இல்லை. சொல்ல வேண்டியதே அதுதானே! பழைய தொடக்க முறை ஒவ்வொரு நிரலையும் வரிசை எண்படி தட்டி எழுப்பிவிட்டுத் தன் வழியே போய்விடும். எழுந்தவன் உயிரோடு இருக்கிறானா என்று திரும்பிப் பார்க்காது. அதனால் ரவ்தா, இந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பேரும் செய்கிற திருட்டு வேலையைச் செய்திருந்தாள். இரண்டுக்கும் நடுவே 'நாற்பது வினாடி தூங்கு' என்று ஒரு வரி. நல்ல கணினிகளில் நாற்பது வினாடி போதும். கிழட்டுக் கணினிகளில் போதாது. சேமிப்பகங்களுக்குக் கிடைப்பதெல்லாம் கிழட்டுக் கணினிகள்தான்.

அந்த ஆண்டுகளில் புதிய முறை ஒன்று வந்திருந்தது. எல்லா நிரல்களுக்கும் ஒரே மேலாளர். எது எதற்குப் பின் எழ வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். எழுப்பும், கண்காணிக்கும், செத்தால் மறுபடி எழுப்பும். ரவ்தா அதன் பக்தை இல்லை. அது ஊதிப் பெருத்திருந்தது. யாரும் கொடுக்காத வேலைகளையும் இழுத்துப் போட்டு விழுங்கியது. இந்தக் குறைகளை அவள் அறிவாள். அதனால் ஜனவரியில் இரண்டு முறைகளுக்கும் எழுதினாள். பழைய முறைக்கு, தூக்க வரியை எடுத்துவிட்டு, உணர்கருவி வந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டுக் காத்திருக்கும் ஸ்கிரிப்ட். புதிய முறைக்குப் பதினோரு வரி. சேமிப்பகம் எந்த முறையில் ஓடினால் என்ன, மணி அடித்தால் சரி. தன் சேமிப்பகத்தின் கணினியில் அன்றே போட்டுக்கொண்டாள். மற்ற பதினோரு இடங்களுக்கும் அது நோரியா வழியாகத்தான் போக முடியும். கையால் எதையும் நிறுவக்கூடாது என்பது அங்கெல்லாம் மேலிடத்து உத்தரவு.

நோரியா என்பது கேக் வெட்டிய இந்தச் சங்கம் பராமரிக்கும் இயங்குதளம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அதன் தொகுப்புகள் எல்லாம் ஹன்னிபாலில் இருந்தன. ரவ்தாவின் கோப்பு ஹன்னிபாலின் வாசலில் போய் நின்றது. அங்கேயே நின்றது.

ஏனென்றால் உள்ளே போர் நடந்துகொண்டிருந்தது. பழைய முறையா, புதிய முறையா? வெளி உலகத்தில், ஆயிரக்கணக்கான நிரல்களைக் கட்டிக் காப்பவர்கள் நடுவே, இந்தச் சண்டைக்கு ஓர் அர்த்தம் இருந்தது. இங்கே அறுபத்தொரு உறுப்பினர்கள். ஐந்து மாதத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மின்னஞ்சல்கள். அவற்றை எழுதியவர்களில் தம் வாழ்நாளில் ஒரு தொடக்க ஸ்கிரிப்ட்டாவது எழுதியவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். இரண்டு விரல் மிச்சமும் இருக்கும்.

பழைய கட்சிக்கு முந்தர் எல்லூஸ் தலைவர். பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துபவர். தன் மடிக்கணினியை அணைப்பதே இல்லை என்பது அவருடைய பெருமை. மூடுவார், திறப்பார், அவ்வளவுதான். எப்படித் தொடங்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் ஒரு கணினியைத் தொடங்கியே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "நாலு வருஷம் முன்னாடி ஒரு சர்வாதிகாரிய வெரட்டினோம். இப்ப எல்லா நிரலுக்கும் ஒரே மேலாளர்ங்கிற சர்வாதிகாரிய வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரணுமா?" என்று அவர் எழுதிய வரிக்கு நாற்பது பேர் சபாஷ் போட்டார்கள். அந்த 2011 ஜனவரிப் புரட்சியில் தெருவில் அடிபட்டுச் செத்தவர்களின் பெயரை, ஒரு கணினி எந்த வரிசையில் விழிக்கிறது என்ற தர்க்கத்துக்குக் கடன் வாங்க அவருக்குக் கூச்சமே இல்லை.

புதிய கட்சிக்கு ஷிஹாப். தூனிஸ் தலைநகரில் ஆலோசனை நிறுவனம் நடத்தும் முப்பத்தைந்து வயதுக்காரர். உலகம் எங்கோ போய்விட்டது என்பார். எங்கே போனது என்று கேட்டால் படவிளக்கம் காட்டுவார்.

இந்த இருவரும் ஒன்றுபட்ட இடம் ஒன்றே ஒன்று. பெரிய கேள்வி தீரும்வரை, தொடக்கம் சம்பந்தப்பட்ட எந்தக் கோப்பையும் உள்ளே விடக்கூடாது. அதற்கென்று முந்தர் ஒரு காவல் நிரலே எழுதி ஹன்னிபாலின் வாசலில் நிறுத்திவிட்டார்.

ரமலான் பிறந்தது. நோன்பு மாதத்தில் இரத்தம் கொடுப்பவர்கள் குறைவு. இருப்பதைப் பொன்போல வைத்துக் காக்க வேண்டும். இரண்டாவது வார இறுதியில், தெற்கே ஒரு சேமிப்பகத்தில் மின்சாரம் போய் வந்தது. கணினி எழுந்தது. மணி எழவில்லை. குளிர்பெட்டியும் எழவில்லை. திங்கள்கிழமை காலை கதவைத் திறந்தபோது உள்ளே பதினேழு டிகிரி.

"முப்பத்தெட்டுப் பை, மதாம்," என்றான் அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளன் போனில். "எல்லாத்தையும் கொட்டியாச்சு. மணி ஏன் மதாம் அடிக்கல?"

அவளால் பதில் சொல்ல முடிந்தது. அதுதான் அவளைச் சுட்டது. பதில் ஆறு மாதமாக ஹன்னிபாலின் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை சங்கக் கூட்டத்துக்குப் போனாள். பகல் மூன்று மணி. காபி கிடையாது, சிகரெட் கிடையாது. எல்லோர் முகமும் புளித்த மாவு. ஷிஹாப் தூனிஸிலிருந்து வந்திருந்தார். அவள் முப்பத்தெட்டுப் பைகளைப் பற்றிச் சொன்னாள். தன் கோப்பை மட்டும் விதிவிலக்காக உள்ளே விடும்படி கேட்டாள்.

முந்தர் நெற்றியைத் தடவினார். "மதாம் ரவ்தா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இது உணர்ச்சி வாதம். நாம இங்க கொள்கை பேசிட்டு இருக்கோம்."

"கொள்கைய எத்தன டிகிரில வைக்கணும், சி முந்தர்?" என்றாள். 'சி' என்பது அந்த ஊரில் 'ஐயா' என்பதுபோல.

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

"கோவப்படாதீங்க. உங்க கோப்புக்குள்ள அந்த மேலாளருக்குன்னு பதினோரு வரி இருக்கு. இன்னிக்குப் பதினோரு வரி, நாளைக்கு மொத்த வீடும் அவனோடது."

"அப்ப அந்தப் பதினோரு வரிய எடுத்துடுறேன். பழைய ஸ்கிரிப்ட்ட மட்டும் விடுங்க."

இப்போது ஷிஹாப் நிமிர்ந்தார். "அதெப்படி? செத்துப்போன முறைக்குப் புதுசா ஸ்கிரிப்ட்டா? பொணத்துக்குச் சட்ட தைக்கிற மாதிரி இருக்கு. எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க."

"சரி, அத எடுத்துடுறேன். உங்க பதினோரு வரிய மட்டும் விடுங்க."

"அது நடக்கவே நடக்காது," என்றார் முந்தர்.

"ரெண்டையும் விடுங்க."

"அது ரெண்டு மடங்கு தப்பு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ஆறு மாதத்தில் அவர்கள் ஒரே குரலில் பேசியது அப்போதுதான்.

ஷிஹாப் அவளைச் சமாதானப்படுத்த நினைத்தார். "மதாம், உங்க கேஸ் ரொம்ப நல்ல உதாரணம். என் அடுத்த உரையில சேத்துக்கட்டுமா?"

"அது உதாரணம் இல்ல தம்பி," என்றாள் ரவ்தா. "அது ரத்தம்."

பழையதா புதியதா என்று சங்கம் நடத்திய ஓட்டெடுப்பின் முடிவு பெருநாள் முடிந்த வாரத்தில் வந்தது. ஸ்ஃபாக்ஸ் வீடுகளில் பெருநாளுக்குச் செய்யும் உப்புமீனும், ஷர்மூலா என்ற வெங்காய உலர்திராட்சைக் குழம்பும் மிச்சம் இருந்தன. இனிப்பு வெங்காய மணம் விரலில் ஒட்டியிருக்க, அவள் சமையலறையில் நின்றபடி கைப்பேசியைப் பார்த்தாள்.

சங்கத்தின் வாக்குச்சீட்டைப் பெரிய திட்டங்களின் சட்டத்தைப் பார்த்துக் காப்பியடித்திருந்தார்கள். நான்கு வரிகள். பழையது, புதியது, இரண்டும், நான்காவது வரி, 'விவாதத்தைத் தொடரலாம்'. நான்கையும் விருப்பப்படி வரிசைப்படுத்த வேண்டும். பெரிய திட்டங்களில் அந்த நான்காவது வரி ஒரு பாதுகாப்புக் கதவு. இங்கே ஒவ்வொரு கட்சிக்காரரும் தன் கட்சியை முதலில் போட்டார். விவாதத்தை இரண்டாவதாகப் போட்டார். எதிரியையும் சமரசத்தையும் கடைசியில் தள்ளினார். ஆகவே ஒருவருக்கும் முதல் விருப்பமாக இல்லாத நான்காவது வரி அமோக வெற்றி பெற்றது. அறுபத்தொரு பேர், ஆறு மாதம், மேலும் பேசுவது என்று முடிவெடுத்தார்கள். பேச்சு நடக்கும்வரை பழைய நிலையே நீடிக்கும் என்றது விதி. வாசலில் காவலும் நீடித்தது.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"பேசப் போறாங்களாம்."

ஆகஸ்ட் பதிமூன்று. பெண்கள் தினம், அரசு விடுமுறை. காலை எட்டு மணிக்கு முந்தர் சங்கத்துப் பெண்களுக்கெல்லாம் மல்லிகைப் படம் போட்டு வாழ்த்து அனுப்பியிருந்தார். சங்கத்தில் பெண்கள் மூன்று பேர். ரவ்தா சேமிப்பகத்தில் விடுமுறை நாள் முறை வேலையில் இருந்தாள். நாற்பத்து மூன்று டிகிரி வெயில். ஊரே குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. பதினொன்றரைக்கு மின்சாரம் போனது.

காவலாளி ஹெதி பென்சிலையும் அட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மணியை நம்பாமல் மணிக்கொருமுறை கையால் வெப்பநிலை குறிப்பவர். "தங்கச்சி, போச்சு கரண்டு!"

"இருங்க, எண்ணுறேன்."

ஜெனரேட்டர் உறுமியது. குளிர்பெட்டிகள் முனகின. கணினித் திரை கருத்து, வெளுத்து, எழுத்துகளைக் கக்கியது. விழித்துவிட்டேன் என்று சொல்லப் பர்ராத் ஒருமுறை கூவியது. நான்கு டிகிரி.

ஹெதி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "தானா எழுந்துக்கிச்சா? நீ தொடவே இல்லியே!"

"தொட வேண்டியத ஜனவரியிலயே தொட்டாச்சு, அண்ணே."

"அப்ப மத்த ஊர்லயும் இப்படித்தான் எழுந்துக்கும்?"

அவள் அட்டையை வாங்கி, நான்கு என்று அவளே எழுதினாள்.

பன்னிரண்டு மணிக்கு முந்தர் போன் செய்தார். கெர்கென்னா தீவிலிருந்து, பின்னால் அலையும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"மதாம் ரவ்தா! ஹன்னிபால் பேச மாட்டேங்குது!"

"கிரெம்தா ரோட்டுலயும் கரண்டு போயிருக்கும். பேட்டரி இருக்கே?"

"ரெண்டு மணி நேரம் தாங்கும்னு போட்டது. நாலு நிமிஷம் தாங்கியிருக்கு." அவர் ஒவ்வொரு சொல்லாக எண்ணிச் சொன்னார். "ஆயிரத்து அறுபத்தெட்டு நாள், மதாம்."

இரண்டு மணிக்கு முறை முடிந்ததும் மொபெட்டை எடுத்தாள். சாவி பலகாரக் கடைக்காரரிடம் இருந்தது. மாடி அறை அடுப்பாகக் கொதித்தது. மின்சாரம் திரும்பியிருந்தது; ஹன்னிபால் உயிரோடுதான் இருந்தது. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. உள்ளே மட்டும் ஒருவரும் இல்லை. மின்னஞ்சல் குழு இல்லை, வாக்குப்பெட்டி இல்லை, தொகுப்புக் கிடங்கு இல்லை. தொடக்கக் கோப்புகள் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தாள். பழைய முறையிலும் எதுவும் இல்லை. புதிய முறையிலும் எதுவும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு முந்தரைக் கூப்பிட்டாள்.

"தொடக்க ஸ்கிரிப்ட் எங்க, சி முந்தர்?"

அவர் பிள்ளைகளைத் தள்ளிப் போய் விளையாடச் சொன்னார்.

"2012ல கையால தட்டி ஓட விட்டேன்," என்றார் பிறகு. "அப்புறம் எழுதிக்கலாம்னு... அது நிக்கவே இல்லியா, அதனால தேவப்படல."

ஆயிரத்துத் தொள்ளாயிரம் மின்னஞ்சல்களில் பாதியை எழுதிய மனிதர், தொடக்க ஸ்கிரிப்ட் என்பது சுதந்திரத்தின் உயிர் என்றவர், தன் சர்வருக்கு ஒன்றுகூட எழுதியிருக்கவில்லை. தன் வாயால் ஊதியதையே காற்று என்று நம்பியிருந்தார். ஆயிரம் நாள் ஓடியது அவருடைய கொள்கை இல்லை, மின்வாரியத்தின் தயவு.

அதற்குள் ஷிஹாபும் அழைத்துவிட்டார். "மதாம், இதுதான் நல்ல சான்ஸ். புது முறையில எழுதிட்டா அஞ்சு நிமிஷ வேல!"

"நல்லது. எழுதி அனுப்புங்க, காத்திருக்கேன்."

"நான் இப்ப வெளிய இருக்கேன். என் படவிளக்கம் அனுப்பட்டுமா? பதினாலாவது பக்கம் பாருங்க."

அவள் அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி முந்தரைக் கூப்பிட்டாள். அவர் நினைவிலிருந்து கட்டளைகளைச் சொன்னார். இரண்டு முறை தப்பாகச் சொன்னார். ஒருமுறை மனைவியைக் கூப்பிட்டு, தன் பழைய டைரி எங்கே என்று கத்தினார். மின்னஞ்சல் குழு எழுந்தது. வாக்குப்பெட்டி எழுந்தது. கிடங்கு எழுந்தது.

"வேற?"

"காவல். வாசல்ல நிக்கிற காவல் நிரல். அதயும் ஜனவரியில கையாலதான் ஓட விட்டேன். எழுதிக்குங்க..."

அவள் எழுதிக்கொண்டாள். எழுதிய தாளைப் பார்த்தாள். கிடங்கு திறந்திருக்கிறது, காவல் இன்னும் விழிக்கவில்லை. எது முதலில் எழ வேண்டும், எது பின்னால் எழ வேண்டும் என்பதுதானே இவர்கள் ஏழு மாதமாகப் பேசிய பேச்சு?

"காவல எப்ப ஆரம்பிக்கணும்னு ஏதாவது வரிசை இருக்கா, சி முந்தர்?"

"வரிசையா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கடைசியில பண்ணாப் போதும்."

"கடைசியிலயே பண்றேன்."

கைப்பையிலிருந்து தன் மடிக்கணினியை எடுத்தாள். கோப்பு கிடங்குக்குள் போக ஆறு வினாடி ஆனது. போனதா என்று ஒருமுறை பார்த்தாள். கையெழுத்து சரி, பெயர் சரி, பழைய ஸ்கிரிப்டும் இருக்கிறது, பதினோரு வரியும் இருக்கிறது. பிறகு காவலை, தாளில் எழுதியபடி ஒரு புள்ளி பிசகாமல், எழுப்பினாள்.

"எல்லாம் எழுந்தாச்சு. பெண்கள் தின வாழ்த்துக்கு நன்றி," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிச் சாவியைக் கொடுத்தாள்.

நான்கு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் பதினோரு சேமிப்பகங்களும் அதை எடுத்துக்கொண்டிருந்தன. மின்னஞ்சல் குழு தீப்பிடித்தது. சதி என்றார் ஒருவர். புரட்சிக்குத் துரோகம் என்றார் மற்றொருவர். அவசரக் கூட்டம் கூட்டினார்கள். அவள் தயங்காமல் போனாள்.

"யாரக் கேட்டு உள்ள விட்டீங்க, மதாம்?" என்றார் முந்தர். தீவு வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது.

"வாசல்ல யாரும் இல்ல. யாரக் கேக்கிறது?"

"விதின்னு ஒண்ணு இருக்கு."

"முப்பத்தெட்டுப் பை கொட்டினப்ப அந்த விதி எங்க சி முந்தர் இருந்துச்சு? அதையும் கையாலதான் ஓட விட்டிருந்தீங்களா?"

ஓட்டுக்கு விட்டார்கள். கோப்பை நீக்குவது, ரவ்தாவையும் சேர்த்து நீக்குவது, இரண்டையும் அப்படியே விடுவது, நான்காவதாக, வழக்கம்போல, விவாதத்தைத் தொடர்வது. பழைய ஸ்கிரிப்டை நீக்க முந்தர் கட்சி சம்மதிக்கவில்லை. பதினோரு வரியை நீக்க ஷிஹாப் கட்சி சம்மதிக்கவில்லை. இரண்டையும் விட்டுவைப்பது இருவருக்குமே மானக்கேடு. செப்டம்பர் நடுவில் முடிவு வந்தது. நான்காவது வரி வென்றது. பேச்சு முடியும்வரை இருக்கும் நிலையே நீடிக்கும். இப்போது இருக்கும் நிலை, கோப்பு உள்ளே இருப்பது.

முடிவு வந்த அதே வாரத்தில் தெற்கிலிருந்து அந்தப் பணியாளன் போன் செய்தான். ரவ்தா வழக்கம்போல மொபெட் சாவியைத் தேடிக்கொண்டே எடுத்தாள்.

"என்ன பழுது?"

"பழுதெல்லாம் ஒண்ணுமில்ல, மதாம். கரண்டு போச்சு. வந்துச்சு. அது தானா எழுந்து கூவிச்சு. நாலு டிகிரி. சும்மா சொல்லணும்னு தோணுச்சு."

அவள் சாவியை மேசையில் போட்டாள்.

கிரெம்தா சாலை மாடியில் ஹன்னிபால் ஓடிக்கொண்டிருந்தது. சங்கம் நாட்களை மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது. யாரோ சுவரில் அட்டைகூட ஒட்டியிருந்தார்கள். அன்று முப்பத்தைந்தாம் நாள். தொடக்க ஸ்கிரிப்டை இன்னும் யாரும் எழுதவில்லை.